கேமிங் மவுஸில் எத்தனை பட்டன் வேண்டும், எந்தப் பட்டனில் எதை வைப்பது?

கேள்வி இதுதான்: "வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 இரண்டும் ஆடுகிறேன். புரோகிராம் செய்யக்கூடிய பட்டன்கள் உள்ள மவுஸ் ஒன்று வாங்க வேண்டும். 12 பட்டன் மவுஸ் இரண்டுக்கும் சரிப்படுமா? எதை வாங்கி எப்படி செட் செய்வது?"

சரிப்படாது. இந்த இரண்டு கேம்களும் கட்டைவிரலிடம் கேட்பது வேறு வேறு: வார்கிராஃப்டில் நிறைய ஸ்பெல்களை (மந்திரங்களை) பட்டன்களில் வைத்துப் போட வேண்டும், கவுன்டர்-ஸ்ட்ரைக் குறிவைத்துச் சுடும் ஷூட்டர் கேம். பட்ஜெட் இடம் கொடுத்தால் இரண்டு மவுஸ் வாங்குங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் லாஜிடெக் ஜி502 மாதிரி நடுத்தரமான ஒன்றை எடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம்.

பக்கவாட்டுப் பட்டனை அழுத்தும்போது கட்டைவிரல் மவுஸை வலது பக்கம் தள்ளுகிறது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் எதிர்ப்பக்கம் பிடித்து அதைச் சமன் செய்ய வேண்டும். அந்தச் சமன் முழுமையாக இருப்பதில்லை, மவுஸ் ஒரு மில்லிமீட்டராவது நகரும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் 800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிபிஐ என்பது மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் கணினிக்கு அனுப்பும் நகர்வு எண்ணிக்கை, அதாவது கவுன்ட். சென்சிட்டிவிட்டி கேமுக்குள் அதைப் பெருக்கும் எண். ஒரு அங்குலத்துக்கு 800 கவுன்ட் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 31.5 கவுன்ட். அந்த கேமில் ஒரு கவுன்டுக்குப் பார்வை 0.022 டிகிரி திரும்பும். ஆக ஒரு மில்லிமீட்டர் நகர்வுக்கு 0.69 டிகிரி. 20 மீட்டர் தள்ளி நிற்பவன் மீது குறி வைத்திருந்தால் குறி 24 சென்டிமீட்டர் விலகிவிடும். தலையைக் குறிவைத்த குண்டு காதோரம் போய்விடும். வார்கிராஃப்டில் இலக்கை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் கர்சர் எங்கே இருந்தாலும் ஸ்பெல் அவன் மீதுதான் விழும். அங்கே இந்த ஒரு மில்லிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை, தரையில் குறி வைத்துப் போடும் ஸ்பெல்களைத் தவிர.

அதனால் எத்தனை பட்டன் என்ற எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். மவுஸை அசைக்காமல் உங்கள் கட்டைவிரல் எத்தனை பட்டனை அழுத்தும், அந்த செட்டிங் மவுஸுக்குள்ளேயே தங்குமா என்ற இரண்டும்தான் முக்கியம்.

முதலில் கையை அளந்துகொள்ளுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 17 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் சிறிய கை, 20-க்கு மேல் என்றால் பெரிய கை. மவுஸின் நீளம் இதில் சுமார் 60 சதவீதம் இருந்தால் பெரும்பாலானோருக்கு ஒத்துவரும் என்பது ஆட்டக்காரர்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு. உள்ளங்கை முழுவதும் மவுஸில் படியும்படி பிடிப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டும், விரல் நுனியால் மட்டும் பிடிப்பவர்களுக்குக் குறைவாக இருந்தாலே நல்லது. கட்டைவிரல் பக்கத்தில் 12 பட்டன் வரிசையாக உள்ள மவுஸ்களில் இது இரட்டிப்பு முக்கியம். கை சிறியதாக இருந்தால் முன்வரிசை எட்டாது. பெரியதாக இருந்தால் பின்வரிசைப் பட்டன்கள் கட்டைவிரலின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும், அவற்றை அழுத்த விரலை மடக்க வேண்டிவரும்.

இப்போது மாடல்கள்.

12 பட்டன் வகையைப் பிரபலமாக்கியது ரேசர் நாகா, 2009-இல் வந்தது. இப்போது இந்த வரிசையில் பார்க்க வேண்டியவை பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி மாற்றும் மாடல்கள். நாகா டிரினிட்டியில் 2, 7, 12 பட்டன் பலகைகள் வரும். நாகா வி2 ப்ரோவில் 2, 6, 12. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், மாற்றச் சில நொடிகள்தான். என் கணிப்பில் 6 பட்டன் பலகைதான் இதில் சிறந்தது. தடவிப் பார்க்காமலே எந்தப் பட்டன் எது என்று விரலுக்குத் தெரியும். பலகை மாற்றினாலும் எடை அப்படியேதான் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். வி2 ப்ரோ 134 கிராம். 2 பட்டன் பலகையை மாட்டியதும் அது ஷூட்டர் மவுஸாகிவிடாது.

கோர்சேர் சிமிட்டார் மாடலில் 12 பட்டன் பகுதி மொத்தமும் முன்னும் பின்னுமாக 8 மில்லிமீட்டர் நகரும். கை அளவுப் பிரச்சினைக்கு இதைவிட நேரடியான தீர்வை வேறு யாரும் தரவில்லை. சிறிய கை உள்ளவர்கள் பலகையைப் பின்னுக்கு இழுத்து, ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு ஆடலாம்.

லாஜிடெக் ஜி600 பழைய மாடல், 2012-இல் வந்தது. அதில் மோதிரவிரலுக்கு மூன்றாவது மெயின் பட்டன் ஒன்று இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் மற்ற எல்லாப் பட்டனும் இரண்டாவது வேலைக்கு மாறும். 12 பட்டன் 24 ஆகிவிடும், கீபோர்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல் தேட வேண்டியதில்லை. இந்த யோசனை அருமையானது. ஆனால் அது லேசர் சென்சார், எடையும் 133 கிராம். ஷூட்டர் கேமுக்கு எடுக்காதீர்கள். ஒரு பட்டனைப் பிடித்து மற்றவற்றின் வேலையை மாற்றும் இந்த வசதி லாஜிடெக்கில் ஜி-ஷிஃப்ட் என்றும் ரேசரில் ஹைப்பர்ஷிஃப்ட் என்றும் மென்பொருள் வழியாக மற்ற மாடல்களிலும் கிடைக்கிறது.

ஜி502 தான் நடுவழி. 11 புரோகிராம் செய்யக்கூடிய பட்டன்கள், வயர் உள்ள ஹீரோ மாடல் 121 கிராம், கூடவே வரும் 3.6 கிராம் எடைக்கட்டிகள் ஐந்தையும் வெளியே வைத்துவிடலாம். வீலை இடம் வலமாகச் சாய்த்தாலும் இரண்டு பட்டன் கணக்கு. அந்தச் சாய்ப்பில் அவசரமான எதையும் வைக்காதீர்கள். வீலை நடுவில் அழுத்தப் போகும்போது சாய்ந்து தப்பான கட்டளை போய்விடும். மேப் திறப்பது, குதிரை ஏறுவது போன்றவை அங்கே போதும்.

ஷூட்டருக்கு மட்டும் என்றால் பட்டன் குறைந்த, எடை குறைந்த மவுஸ். லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 2 சுமார் 60 கிராம், ரேசர் டெத்ஆடர் வி3 59 கிராம். பட்ஜெட் குறைவு என்றால் ஜி305. ஒரு ஏஏ பேட்டரியில் ஓடும், மொத்தம் 99 கிராம். அல்கலைன் பேட்டரிக்குப் பதில் லித்தியம் ஏஏ போட்டால் சுமார் 8 கிராம் குறையும். ஏஏஏ பேட்டரியை அடாப்டரில் போட்டால் இன்னும் குறையும், ஆனால் பேட்டரி ஆயுளும் அதற்கேற்பக் குறையும்.

சென்சாரைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. பெட்டியில் 26,000, 30,000 டிபிஐ என்று போட்டிருப்பார்கள். நீங்கள் 800 அல்லது 1600-இல்தான் ஆடப் போகிறீர்கள். பல வருடம் முன்பு வந்த பிக்ஸ்ஆர்ட் 3360 சென்சாரே நொடிக்கு 250 அங்குல வேகம்வரை பிடிக்கும். அது 6.35 மீட்டர், கை அவ்வளவு வேகத்தைத் தொடுவது அபூர்வம். போலிங் ரேட் 1000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை தகவல் போகிறது, அது போதும். 8000 ஹெர்ட்ஸ் சிபியு மீது சுமையை ஏற்றும், சில பழைய கேம்கள் திணறும், வயர்லெஸில் பேட்டரியைக் குடித்துவிடும்.

மவுஸ் மாற்றும்போது பழைய சென்சிட்டிவிட்டியைத் தொலைக்காமல் இருக்க ஒரு கணக்கு. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் 41,564 என்ற எண்ணை, டிபிஐ-யையும் சென்சிட்டிவிட்டியையும் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். முழுதாக ஒரு சுற்று திரும்ப மவுஸை எத்தனை சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும் என்று வந்துவிடும். 800-உம் 1-உம் என்றால் 52 சென்டிமீட்டர். வலோரன்ட் என்ற ஷூட்டர் கேமில் ஒரு கவுன்டுக்கு 0.07 டிகிரி என்பதால் 41,564-க்குப் பதில் 13,063. விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ரா இன்புட்டில் ஓடும், அதாவது மவுஸின் நகர்வை விண்டோஸ் மாற்றாமல் நேரடியாக எடுக்கும் கேம்களுக்கு அது பொருட்டில்லை, ஆனால் பழைய கேம்களில் கை வேகத்துக்கேற்பக் கர்சர் தூரத்தை மாற்றிக் கணக்கைக் குலைக்கும். டிபிஐ மாற்றும் பட்டனில் ஐந்து நிலை கொடுத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மீதியை நீக்குங்கள். நடுச் சண்டையில் விரல் பட்டு டிபிஐ மாறிப்போகும் தொல்லை அதோடு தீர்ந்தது.

இனி புரோகிராமிங். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

விண்டோஸ் ஒரு மவுஸில் ஐந்து பட்டனைத்தான் மவுஸ் பட்டனாக அடையாளம் காணும்: இடது, வலது, நடு, பக்கவாட்டில் இரண்டு. அதற்கு மேல் உள்ளவை எல்லாம் கீபோர்டு கீயாக வேஷம் போட்டுத்தான் போக வேண்டும். எனவே 12 பட்டனுக்கும் கீபோர்டில் நீங்கள் பயன்படுத்தாத கீகளைத் தேட வேண்டும். நம்பர் வரிசையான 1 முதல் 0 வரை கொடுத்தால் கீபோர்டில் அதே கீகள் வீணாகும். நம்பேட் கொடுப்பது நல்ல வழி. நம் லாக் (Num Lock) விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம்பேடோடு ஷிஃப்டைச் சேர்க்காதீர்கள். நம் லாக் எரியும்போது ஷிஃப்டைப் பிடித்து நம்பேட் 1-ஐ அழுத்தினால் விண்டோஸ் அதை 'எண்ட்' கீயாக மாற்றி அனுப்பும், ஷிஃப்டையும் விட்டுவிட்டதாகச் சொல்லிவிடும். "ஷிஃப்ட் காம்பினேஷன் மட்டும் வேலை செய்யவில்லை, மவுஸ் பழுது" என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலருக்கும் நடப்பது இதுதான். ஆல்டும் வேண்டாம். ஆல்டோடு நம்பேட் எண் போனால், சாட் பெட்டி திறந்திருக்கும்போது விசித்திர எழுத்து விழும். கன்ட்ரோல் ஒன்றுதான் தொல்லையில்லாதது.

எஃப்13 முதல் எஃப்24 வரை பன்னிரண்டு கீகளும் இருக்கின்றன. கீபோர்டில் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் விண்டோஸுக்குத் தெரியும். வேறு எதனோடும் மோதாது என்பதால் ஓபிஎஸ் (திரைப்பதிவு மென்பொருள்), டிஸ்கார்டு மியூட் போன்றவற்றுக்கு இவை அற்புதம். எல்லா கேமும் இவற்றை ஏற்காது. ஒரு பட்டனில் மட்டும் வைத்து, கேமின் கீபைண்டிங் திரையில் அழுத்திப் பார்த்துவிட்டு, ஏற்றுக்கொண்டால் மீதியைச் செய்யுங்கள்.

செட் செய்ததும் அதை மவுஸின் உள் நினைவகத்தில் எழுதிவிடுங்கள். ஜி502 ஹீரோவில் ஐந்து புரொஃபைல் வரை தங்கும். லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளில் ஆன்-போர்டு மெமரி என்ற பகுதியில் இதை இயக்க வேண்டும். தங்குபவை சாதாரண கீகள், டிபிஐ, போலிங் ரேட் போன்றவை. எந்த கேம் திறந்திருக்கிறது என்று பார்த்துத் தானாகப் புரொஃபைல் மாற்றுவது, புரோகிராம் திறப்பது, லுவா மொழியில் எழுதும் ஸ்கிரிப்ட் போன்றவை கணினியில் மென்பொருள் ஓடினால்தான் நடக்கும். சரியாகப் பதிந்ததா என்று பார்க்க, மென்பொருளை முழுவதும் மூடுங்கள். மவுஸைக் கழற்றி அந்த மென்பொருளே இல்லாத வேறொரு கணினியில் செருகுங்கள். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்துங்கள். நம்பேட் எண்கள் வரிசையாக விழுந்தால் பதிந்துவிட்டது. எஃப்13-உம் அதற்கு மேலும் நோட்பேடில் எதையும் காட்டாது என்பதை நினைவில் வையுங்கள். ஃபர்ம்வேர் (மவுஸுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டுக்கு முன் செட்டிங் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், சில மாடல்களில் அப்டேட் எல்லாவற்றையும் அழித்துவிடும். லினக்ஸில் இருப்பவர்களுக்குப் பைப்பர் என்ற புரோகிராம் ஜி502 உள்ளிட்ட பல மாடல்களின் உள் நினைவகத்தை நேரடியாகவே எழுதும். ரேசருக்கு உள்ள ஓப்பன்ரேசர் டிபிஐ, விளக்கு போன்றவற்றை மாற்றும்.

12 பட்டனிலும் ஒரே நாளில் எல்லா ஸ்பெல்லையும் அடுக்காதீர்கள். கட்டைவிரல் இயல்பாக ஓய்வெடுக்கும் இடம் நடு இரண்டு வரிசை. எதிரியின் ஸ்பெல்லைத் தடுப்பது, தற்காப்பு போன்ற உடனடி வேலைகளை அங்கே வையுங்கள். உள்ளங்கைப் பக்கக் கடைசி வரிசைக்கு நிமிடக் கணக்கில் காத்திருந்து போடும் பெரிய ஸ்பெல்கள். முதலில் நான்கு பட்டன் மட்டும். அவை யோசிக்காமல் வந்த பிறகு அடுத்த இரண்டு. நடுப் பட்டன் ஒன்றின் மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து காயவிடுங்கள். அந்தச் சின்ன மேடு விரலுக்கு வழிகாட்டும், கீபோர்டில் எஃப், ஜே கீகளின் மேல் இருக்கும் கோடு போல.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் பக்கவாட்டு இரண்டு பட்டனுக்குச் சுடும்போது தேவைப்படாதவற்றைக் கொடுங்கள்: கிரனேட் எடுப்பது, பிங் (கூட்டாளிகளுக்கு ஓரிடத்தைக் குறித்துக் காட்டுவது), பேச்சுக்கு மைக். குதிப்பதையும் குனிவதையும் கீபோர்டிலேயே விடுங்கள்.

ஒரே அழுத்தத்தில் பல கட்டளைகளை அனுப்பும் மேக்ரோவில் ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் அக்கவுன்ட் போகும். வார்கிராஃப்டில் ஒரு அழுத்தத்துக்கு ஒரு செயல் என்பதே அடிப்படை. கேமுக்குள்ளேயே உள்ள மேக்ரோ திரையில் எழுதுவது அனுமதிக்கப்பட்டது. மவுஸ் மென்பொருளில் நேரம் வைத்து ஐந்து ஸ்பெல்லை வரிசையாகப் போகவிடுவது கூடாது. ஒரே அழுத்தத்தைப் பல அக்கவுன்டுகளுக்கு அனுப்பும் மென்பொருளை பிளிசார்டு 2020 நவம்பரில் தடை செய்தது. வால்வு 2024 ஆகஸ்டில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்கும் கோடு போட்டது. எதிரெதிர் திசைக் கீகளைத் தானாக மாற்றிக்கொடுக்கும், ரேசர் ஸ்னாப் டேப் என்று அழைக்கும் வகையான கீபோர்டு வசதியைப் பயன்படுத்தினால் அதிகாரபூர்வ சர்வரிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். அந்த வசதி உள்ள கீபோர்டு இருந்தால் இந்த கேமுக்கு அதை அணைத்த புரொஃபைலை வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி உதையைச் சரிசெய்யும் லுவா ஸ்கிரிப்டுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவை ஏமாற்று வேலை, தொடாதீர்கள்.

மவுஸில் பட்டன் போதவில்லை என்றால் இடது கைக்கு ஒரு கீபேட். ரேசர் டார்டரஸ், அசெரான் போன்றவை தயாராகக் கிடைக்கின்றன. கையால் செய்துகொள்வதும் கடினமல்ல, பயனும் அதிகம். ஏடிமெகா32யு4 சிப் உள்ள ப்ரோ மைக்ரோ போர்டு ஒன்று, எம்எக்ஸ் வகை ஸ்விட்ச் 9, கீகேப் 9, வயர் கொஞ்சம். 1.5 மில்லிமீட்டர் தகட்டில் 14 மில்லிமீட்டர் சதுரத் துளைகள், மையத்துக்கு மையம் 19.05 மில்லிமீட்டர். ஒவ்வொரு ஸ்விட்சின் ஒரு காலைப் போர்டின் தனித்தனிப் பின்னில் பற்றவையுங்கள். மறுகாலை எல்லாம் சேர்த்து கிரவுண்டில். போர்டில் 18 பின் இருப்பதால் 9 கீக்கு மேட்ரிக்ஸும் (பின்களை மிச்சப்படுத்தும் குறுக்கு நெடுக்கு வயரிங்) வேண்டாம், டயோடும் வேண்டாம். கியூஎம்கே என்ற கீபோர்டு ஃபர்ம்வேரில் நேரடிப் பின் முறையைத் தேர்ந்து, எஃப்13 முதல் எஃப்21 வரை கொடுத்துவிட்டால் முடிந்தது. கணினிக்கு இது சாதாரணக் கீபோர்டாகத்தான் தெரியும், எந்த மென்பொருளும் ஓட வேண்டியதில்லை. பழைய நம்பேடை டிரைவர் மட்டத்தில் பிடித்து மாற்றும் வழிகளை இதற்குப் பதிலாகச் செய்யாதீர்கள். அந்த வகை டிரைவர்களை, ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள்கள் சந்தேகிக்கும்.

கடைசியாக, என்ன பழுதாகும் என்பது.

டபுள் கிளிக் முதலிடம். ஒருமுறை அழுத்தினால் இரண்டு விழும், இழுத்துச் செல்லும் ஃபைல் பாதியில் நழுவும். மெக்கானிக்கல் ஸ்விட்சுக்குள் மெல்லிய செம்புத் தகடு ஒன்று வில்லாக வளைந்து கீழே தட்டுகிறது. நாளாக ஆக அதன் விறைப்பு குறையும். அதன் வழியே ஓடும் மின்சாரமும் மிகக் குறைவு என்பதால் முனையில் படியும் ஆக்சைடு எரிந்து போகாமல் தங்கிவிடும். தொடுகை அதிர்ந்து அதிர்ந்து விழ, ஃபர்ம்வேர் அதை இரண்டு கிளிக் என்று எண்ணும். சில நிறுவனங்களின் மென்பொருளில் டிபவுன்ஸ் நேரத்தை, அதாவது ஒரு கிளிக்குக்குப் பின் அடுத்ததை ஏற்காத இடைவெளியை மாற்றலாம். அதைச் சில மில்லிநொடி கூட்டினால் கொஞ்ச காலம் ஓடும். நிரந்தரத் தீர்வு ஸ்விட்ச் மாற்றுவது. ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் அடியில் உள்ள வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே இருக்கும். பழைய பட்டை மறுபடி சரியாக ஒட்டாது, புது செட்டை முதலிலேயே வாங்கிவிடுங்கள். சால்டரிங் அயர்ன் 350 டிகிரி, மூன்று கால்களிலும் புது ஈயம் சேர்த்து இளக்கி உறிஞ்சி எடுங்கள். ஈயம் முழுதாக உருகாமல் இழுத்தால் போர்டின் செம்புத்தடம் பிய்ந்து வந்துவிடும். கழற்றும் முன் ஸ்விட்சின் மேல்குமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று போட்டோ எடுங்கள். திருப்பி வைத்தால் மேல்மூடி அதைத் தொடாது. ரேசர் 2019 முதல் கொண்டுவந்த ஆப்டிகல் ஸ்விட்சுகளில் ஒளிக்கற்றையை வைத்துக் கிளிக் பதிவாவதால் இந்தப் பழுது வராது. ஆனால் அத்தகைய மவுஸ்களிலும் பக்கவாட்டுப் பட்டன்கள் பெரும்பாலும் மெக்கானிக்கல்தான். 12 பட்டன் மவுஸ் வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வயர்லெஸ் மவுஸ் நடுவில் தயங்கினால் பேட்டரிக்கு முன் ரிசீவர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய டிரைவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும், மவுஸும் அதே அலைவரிசைதான். கணினியின் பின்புறத்திலிருந்து ரிசீவரை எடுத்து, எக்ஸ்டென்ஷன் கேபிளில் மவுஸிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் வையுங்கள். புளூடூத் முறையில் கேம் ஆடாதீர்கள்.

துணிப் பேடு ஈரப்பதத்தை உறிஞ்சும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் மவுஸ் திடீரென்று கனத்ததுபோல் இழுபட்டால் பெரும்பாலும் காரணம் பேடுதான், சென்சார் அல்ல. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு போட்டுக் கையால் தேய்த்து அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்துவிட்டு, நிழலில் ஒரு முழு நாள் காயவிடுங்கள். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டினால் அடியில் உள்ள ரப்பர் சுருண்டுவிடும். கண்ணாடிப் பேடு ஈரத்தைப் பொருட்படுத்தாது, ஆனால் வழுக்குப் பட்டைகளை வேகமாகத் தேய்க்கும். சென்சாரும் எல்லா மாடலிலும் கண்ணாடியில் ஒழுங்காக ஓடாது. வாங்கும் முன் உங்கள் மாடலை வைத்துப் பார்த்துவிடுங்கள்.